சர்ஜ் ப்ரொடக்டரைக் கழற்றியதும் லைன் சரியாகிவிட்டது. எல்லா டவரிலும் கழற்றிவிடலாமா?

#1 கோபுரக்குருவி

வணக்கம். சிறிய அளவில் வயர்லெஸ் இணைய சேவை நடத்துகிறோம். மொத்தம் பதினொரு டவர். அதில் ஒன்று மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

30 மீட்டர் டவர். உச்சியில் ஒரு பேக்ஹால் ரேடியோ (டவரை மூல இணைப்போடு சேர்ப்பது). அங்கிருந்து 44 மீட்டர் ஷீல்டு (உலோக உறையிட்ட) கேபிள் இறங்கி அறைக்குள் வருகிறது. ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சர்ஜ் ப்ரொடக்டர் (திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் டப்பா), அறைக்குள் ஒன்று. அப்புறம் 24 வோல்ட் பாஸிவ் பிஓஇ இன்ஜெக்டர் (ஈதர்நெட் கேபிளிலேயே ரேடியோவுக்கு எப்போதும் மின்சாரம் ஏற்றுவது), அதிலிருந்து ஸ்விட்ச். எல்லாமே ஜிகாபிட்.

இரவு முழுக்கப் போர்ட் 1000 மெகாபிட்டில் அமைதியாக இருக்கும். வெயில் ஏறியதும் லிங்க் விழுந்து எழ ஆரம்பிக்கும். சில நேரம் எழும்போது 100-ல்தான் எழும். ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழைகள் (கெட்டுப்போய் வந்த தரவுத் துண்டுகள், அதாவது ஃப்ரேம்கள்) ஏறிக்கொண்டே போகும். ரேடியோவை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், இன்ஜெக்டரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கோபத்தில் இரண்டு சர்ஜ் ப்ரொடக்டரையும் கழற்றிவிட்டு கேபிளை நேராகச் செருகினேன். நான்கு நாளாக ஒரு பிழைகூட இல்லை!

இப்போது என் கூட்டாளி சொல்வது: "மற்ற பத்து டவரிலும் கழற்றிவிடுவோம். இடி விழுந்தால் ரேடியோ போகும், போனால் மாற்றிக்கொள்வோம். தினமும் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவதைவிட அது மேல்." எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

#2 பழைய_லைன்மேன்

கழற்றுங்கள். நான் கழற்றிப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு டப்பாவும் கூடுதலாக இரண்டு ஆர்ஜே45 (ஈதர்நெட் பிளக் இணைப்பு). எனக்குத் தெரிந்து டவரில் கெட்டுப்போகும் சமாசாரங்களில் முதலிடம் ஆர்ஜே45-க்குத்தான், இடிக்கு அல்ல. காப்பாற்றுகிறேன் என்று வந்து உட்காரும் டப்பாவே பிரச்சினை என்றால் அது எதற்கு?

#3 நாலுஜோடி

லைன்மேன் அண்ணன் சொல்வதில் பாதி சரி. கழற்றும் முன் ஒரு கேள்வி: அந்த இரண்டும் ஒரே மாடலா? அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, 10/100-ஆ, ஜிகாபிட்டா?

ஏன் கேட்கிறேன் என்றால், 100 மெகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடியில் இரண்டைத்தான் பயன்படுத்தும்: 1-2, 3-6 (பிளக்கின் முள் எண்கள்). மிச்சமிருக்கும் 4-5, 7-8 ஜோடிகளில் பழைய டப்பாக்கள் பவரை மட்டும்தான் எதிர்பார்க்கும். அதனால் அந்த ஜோடிகளுக்குப் பெரிய டிவிஎஸ் டையோடு (வோல்டேஜ் மிஞ்சினால் கடத்தி இறக்கிவிடும் பாகம்) போட்டிருப்பார்கள். பவர் கம்பிக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஜிகாபிட் நான்கு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஓடுகிறது, ஒவ்வொரு ஜோடியிலும் விநாடிக்கு 12.5 கோடி குறியீடுகள். அந்த வேகத்தில் சில நூறு பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) என்பது சாலைக்குக் குறுக்கே போட்ட சுவர். கேஸ் டியூபுக்கு (வோல்டேஜ் மிஞ்சினால் உள்ளிருக்கும் வாயு பற்றிக் கடத்தும் குழாய்) ஒன்றிரண்டு பிக்கோஃபாரட்தான், அது தொந்தரவு தராது. ஜிகாபிட்டுக்கென்றே செய்த டப்பாவில் சிக்னல் ஜோடிக்கு மிகக் குறைந்த கெபாசிட்டன்ஸ் உள்ள டையோடு வரிசையோ, வெறும் கேஸ் டியூபோ இருக்கும்.

இன்னொன்று. வேகத்தைப் பேசி முடிவு செய்யும் துடிப்புகள் போவது 1-2, 3-6 வழியாக மட்டுமே. அந்த இரண்டும் நன்றாக இருந்தால் இரு முனையும் "ஜிகாபிட்" என்று கைகுலுக்கிவிடும். பிறகு 4-5 நொண்டும்போது லிங்க் எழாது. சில சிப்கள் நாலைந்து தடவை முயன்றுவிட்டுத் தானாக 100-க்கு இறங்கும், சில விடாமல் விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்த்தது இரண்டும் கலந்த காட்சி. என் சந்தேகம் 4-5 அல்லது 7-8 மேல்தான்.

#4 ஈதர்நெட்டி

கோபுரக்குருவி, உங்கள் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். டப்பாவைக் கழற்றியபோது கூடவே மேலே ஒரு குட்டி பேட்ச் கார்டு, கீழே ஒரு பேட்ச் கார்டு போயின. அதாவது நான்கு பிளக், நான்கு சாக்கெட் தொடர்பும் போயிற்று. குற்றவாளி டப்பாவா, பேட்ச் கார்டா, எவனோ அவசரத்தில் கிரிம்ப் செய்த பிளக்கா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மூன்று பேரை ஒன்றாக வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு, திருட்டு நின்றுவிட்டது என்கிறீர்கள்.

ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு நடைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பகலாவது. வெயில் நேரத்தில்தான் வருகிறது என்பதால் இரவில் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். செம்பு சூடானால் கேபிளின் இழப்பு கூடும், விளிம்பில் நிற்கும் லைன் நடுப்பகலில்தான் விழும்.

பிழை எண்ணிக்கையை இரு முனையிலும் எடுங்கள். சிஆர்சி பிழையை எண்ணுவது பெறுகிற பக்கம் மட்டுமே. ஸ்விட்சில் ஏறினால் ரேடியோவிலிருந்து வரும் சிக்னல் கெடுகிறது, ரேடியோவில் ஏறினால் எதிர்த் திசை. இரண்டிலும் ஏறினால் நடுவில் பொதுவான ஒன்று.

எவ்வளவு பிழை வரலாம் என்று பலர் கேட்பார்கள். தரநிலை 1000BASE-T-க்கு (செம்புக் கேபிளில் ஓடும் ஜிகாபிட்) அனுமதிப்பது 1000 கோடி பிட்டுக்கு ஒன்று. நடைமுறையில் ஒழுங்கான கேபிளில் நாள் முழுக்கப் பூஜ்யம்தான் பார்ப்பீர்கள். "கொஞ்சம்தானே ஏறுகிறது" என்று விடாதீர்கள். வானில் ஒரு ஃப்ரேம் கெட்டால் ரேடியோ தானே மறுபடி அனுப்பிச் சமாளிக்கும். கம்பியில் கெட்டால் அப்படியே தூக்கி எறியப்படும், கேட்க நாதியில்லை. அதற்கு மேல் அடுக்கில் இருக்கும் டிசிபிதான் (தரவு முழுதாகச் சேர்கிறதா என்று பார்க்கும் நெறிமுறை) கண்டுபிடித்து வேகத்தைக் குறைக்கும். ரேடியோ சிக்னல் அருமையாக இருக்க, வாடிக்கையாளர் மட்டும் புலம்பும் மர்மத்தில் பெரும்பகுதி இதுதான்.

#5 மண்கம்பி

நீங்கள் எல்லோரும் டப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அதன் வாலைப் பற்றிக் கேட்கிறேன். இரண்டு டப்பாவின் எர்த் கம்பியும் எங்கே போகிறது, எவ்வளவு நீளம், என்ன தடிமன்? டவர் எர்த்தும் அறையின் மின்சார எர்த்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றனவா?

#6 கோபுரக்குருவி

பார்த்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மேலே உள்ளதில் "ஜிகாபிட்" என்று இருக்கிறது. கீழே உள்ளது 10/100. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே பெட்டி, ஒரே நிறம். மூன்றெழுத்துதான் வித்தியாசம். நாலுஜோடி, உங்களுக்கு ஒரு கும்பிடு.

மேலே எர்த் கம்பி ஒரு சாண், டவர் காலில் போல்ட் போட்டிருக்கிறது. ஆனால் பெயின்ட் மேலேயே! கீழே சுமார் 6 மீட்டர் மெல்லிய பச்சைக் கம்பி. அது சுவரோரமாகப் போய், மிச்சத்தை அழகாக வளையமாகச் சுற்றி டேக் போட்டு, அடுத்த சுவரில் இருக்கும் மின்சார எர்த்தில் முடிகிறது. டவர் எர்த் தனி. இரண்டையும் யாரும் இணைக்கவில்லை.

#7 மண்கம்பி

அழகாகச் சுற்றிய வளையம்! இதைத்தான் எதிர்பார்த்தேன், பெரும்பாலான இடத்தில் இதுதான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அந்த 6 மீட்டர் கம்பியில் அரை ஓம்கூட இருக்காது, அதனால் நல்ல எர்த் என்று தோன்றும். ஆனால் இடியால் வரும் சர்ஜ் மைக்ரோ விநாடிகளில் ஏறி இறங்குவது. அந்த வேகத்தில் கம்பியின் ஓம் முக்கியமல்ல, இண்டக்டன்ஸ்தான் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தன்மை) முக்கியம். நேர்க்கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் ஒரு மைக்ரோ விநாடிக்கு 1000 ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறினால் மீட்டருக்கு 1000 வோல்ட் விழும். 6 மீட்டருக்கு 6000. சுற்றிய வளையத்தில் இன்னும் கூடும். தடிமனைக் கூட்டினாலும் இண்டக்டன்ஸ் பெரிதாகக் குறையாது, நீளத்தைக் குறைத்தால்தான் குறையும்.

சரி, எதிரே என்ன இருக்கிறது? ஈதர்நெட் போர்ட்டில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர். தரநிலைப்படி அது ஒரு நிமிடம் 1500 வோல்ட் ஏசியைத் தாங்க வேண்டும், அல்லது 2400 வோல்ட் இம்பல்ஸை. அதாவது உங்கள் எர்த் கம்பியில் 6000 வோல்ட் நிற்கும்போது, சர்ஜ் அந்தக் கம்பியை விட்டுவிட்டு ஸ்விட்ச் போர்ட்டைத் துளைத்துக்கொண்டு போவதுதான் சுலபம். டப்பாவுக்குள் உலகத்தின் ஆகச்சிறந்த பாகங்கள் இருந்தாலும் பயனில்லை.

ஆக உங்கள் கீழ் டப்பா இத்தனை நாளும் எதையும் காப்பாற்றவில்லை. ஜிகாபிட்டைக் கெடுக்கும் வேலையை மட்டும் செவ்வனே செய்திருக்கிறது.

இரண்டு எர்த் தனித்தனியாக இருப்பது இதைவிட ஆபத்து. டவரில் 20,000 ஆம்பியர் இடி இறங்குகிறது, டவர் எர்த் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டவர் முழுவதும், அதில் தொங்கும் ரேடியோ உட்பட, அந்த நொடிக்கு 2 லட்சம் வோல்ட் உயரத்துக்கு எழும். அறையின் எர்த் எழாமல் பூமியோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே செம்புப் பாலம் எது? உங்கள் ஈதர்நெட் கேபிள். இரண்டு எர்த்தையும் தடித்த கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே எழும், பாலத்தின் மேல் நடப்பது குறையும். தனித்தனி எர்த் போட்டால் சுத்தமாக இருக்கும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். கேட்காதீர்கள்.

#8 பழைய_லைன்மேன்

ஒரு நிமிடம். நான் டப்பா இல்லாமல் ஓட்டுகிறேன் என்று சொன்னேனே, என் டவர்களில் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் செம்புப் பட்டை இருக்கிறது. ஷீல்டு அங்கேயே எர்த் ஆகிறது. டவர் எர்த், மின்சார எர்த், ரேக் எல்லாம் அந்தப் பட்டையில்தான் சேரும். அதை நான் சொல்லாமல் விட்டதால் தம்பி எல்லா டவரிலும் கழற்றிவிடப் போகிறார். எர்த் இல்லாமல் கழற்றாதீர்கள்.

#9 மண்கம்பி

அண்ணே, இதை #2-லேயே சொல்லியிருக்கலாம். :) நீங்கள் டப்பாவைக் கழற்றியும் பிழைத்ததற்குக் காரணமே அந்தப் பட்டைதான்.

#10 இரவுப்பணி

கோபுரக்குருவி, இதுவரை உங்களுக்கு எத்தனை போர்ட் போயிருக்கிறது, எந்த முனையில்? மேலேயா கீழேயா?

#11 கோபுரக்குருவி

போன வருடம் மட்டும் ரேடியோ இரண்டு, ஸ்விட்ச் ஐந்து. ஸ்விட்சோடு சேர்ந்து இன்ஜெக்டரும் இரண்டு தடவை கருகியது.

#12 இரவுப்பணி

அப்படியானால் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், திருடன் பின்வாசலில் வருகிறான். கீழ்முனை அதிகமாகச் சாகிறது, இன்ஜெக்டர் கருகுகிறது என்றால் சர்ஜின் ஒரு பகுதியாவது மின்சார லைன் வழியாக வருகிறது. தொலைவில் எங்கோ லைனில் இடி விழும், அது அடாப்டர் வழியாக உள்ளே புகுந்து, ஈதர்நெட் கேபிளைப் பிடித்துக்கொண்டு டவர் எர்த்தைத் தேடிப் போகும். போகிற வழியில் போர்ட்டைச் சுட்டுவிட்டுப் போகும். நீங்கள் "ரேடியோவுக்கு இடி" என்று எழுதிவைத்திருப்பீர்கள்.

மின்சாரப் பலகையில் ஒரு சர்ஜ் ப்ரொடக்டர் போடுங்கள். அதன் எர்த்தும் அதே பட்டையில் சேரட்டும். ஈதர்நெட்டில் மட்டும் போட்டு மின்சாரத்தைத் திறந்துவிட்டால் பாதி வேலைதான்.

#13 புதுவரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேஸ் டியூப், டிவிஎஸ் என்கிறீர்களே, எது நல்லது? எதைப் பார்த்து வாங்குவது?

#14 மண்கம்பி

இரண்டும் இரண்டு குணம். டிவிஎஸ் வேகம், நானோ விநாடியில் பிடிக்கும், ஆனால் பெரிய கரண்ட் தாங்காது. கேஸ் டியூப் ஆயிரக்கணக்கான ஆம்பியரை விழுங்கும், ஆனால் தாமதம். 90 வோல்ட் என்று எழுதிய டியூப், வேகமாக ஏறும் சர்ஜுக்குப் பல நூறு வோல்ட் வரை ஏறிய பிறகே பற்றிக்கொள்ளும். நல்ல வடிவமைப்பில் முன்னே டியூப், பின்னே டையோடு, நடுவே கொஞ்சம் தடை என்று அடுக்கு இருக்கும்.

கேஸ் டியூபில் பலர் கவனிக்காத இரண்டு விஷயம். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிக்கும் தனித்தனி டியூப் இருந்தால் இரண்டும் ஒரே கணத்தில் பற்றாது. ஒன்று பற்றி மற்றது பற்றாத அந்த இடைவெளியில், இரண்டு கம்பியிலும் சமமாக வந்துகொண்டிருந்த சர்ஜ் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நிற்கும் சர்ஜாக மாறிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் சமமாக வருவதைத் தடுக்கும். ஜோடிக்கு நடுவே வருவதைச் சிக்னல் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். சிப் போயிற்று. இதற்காகத்தான் மூன்று கால் டியூப் வந்தது: ஒரே அறை, ஒரே வாயு, இரண்டு கம்பியும் சேர்ந்து பற்றும்.

அடுத்தது பிஓஇ. டியூப் ஒருமுறை பற்றினால் அதன் குறுக்கே நிற்பது சுமார் 10 முதல் 30 வோல்ட்தான். உங்கள் கம்பியில் 48 வோல்ட் டிசி நிற்கிறது, பவர் சப்ளையும் தாராளமாகக் கரண்ட் கொடுக்கும் வகை என்றால், சர்ஜ் போன பிறகும் ஆர்க் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கலாம். முறையான பிஓஇ ஸ்விட்ச் கரண்ட் மிஞ்சினால் போர்ட்டை அணைத்துவிடும், ஆர்க்கும் அணையும். பாஸிவ் சப்ளைக்கு அந்த அறிவு கிடையாது.

வாங்கும்போது: ஜிகாபிட்டா, நான்கு ஜோடிக்குமா, உங்கள் பிஓஇ வோல்டேஜுக்கா, எந்த அலைவடிவத்தில் எத்தனை ஆம்பியர். 8/20 மைக்ரோ விநாடி (8-ல் உச்சிக்கு ஏறி 20-ல் பாதியாக இறங்கும் அலை) என்று எழுதியிருந்தால் அது அருகில் விழும் இடியின் தூண்டல் வகை. 10/350 என்பது நேரடி இடியைக் குறிக்கும் வடிவம். "10 கிலோ ஆம்பியர்" என்று மட்டும் போட்டு வடிவத்தை எழுதாத டப்பாவை நான் நம்பமாட்டேன். நேரடியாக ரேடியோ மேலேயே விழுந்தால் எந்த ஈதர்நெட் டப்பாவும் நிற்காது. அதற்கு மேலே இடிதாங்கி இருக்க வேண்டும், ரேடியோ அதன் நிழலுக்குள் இருக்க வேண்டும்.

#15 நடுராத்திரி_அழைப்பு

என் டவரில் ஷீல்டு கேபிள்தான், எர்த்தும் ஒழுங்கு, சர்ஜ் ப்ரொடக்டரே இல்லை. இருந்தும் இதே மாதிரி சிஆர்சி. அதே டவரில் எஃப்எம் ஒலிபரப்பு ஆண்டெனா இருக்கிறது. சம்பந்தம் உண்டா?

#16 நாலுஜோடி

நிச்சயம் உண்டு. எஃப்எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ், ஜிகாபிட் ரிசீவர் காது வைத்துக் கேட்கும் எல்லைக்கு ஒட்டியே இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் கிலோவாட் கணக்கில் கத்தினால் கேபிளே ஆண்டெனா ஆகிவிடும். பரிசோதனை சுலபம்: போர்ட்டை 100-க்கு இறக்கினால் பிழை நின்றுவிடுகிறதா பாருங்கள்.

ஷீல்டு கேபிள் என்கிறீர்கள், பிளக் என்ன? பிளாஸ்டிக் பிளக் போட்டிருந்தால் ஷீல்டு எங்கேயும் சேரவில்லை, வெறும் அலங்காரம். உலோக உறை உள்ள பிளக், டிரெயின் வயர் (ஷீல்டை ஒட்டி ஓடும் வெற்றுக் கம்பி) அதில் சேர்ந்திருக்க வேண்டும், இரண்டு முனையிலும். அதன் பிறகும் இருந்தால் இரு முனையிலும் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் கேபிளை நாலைந்து சுற்று. அதற்கும் அடங்கவில்லை என்றால் ஃபைபர்தான்.

#17 ஈதர்நெட்டி

ஒரு எச்சரிக்கை: 100-க்கு இறக்கச் சொன்னால் பலர் ஒரு பக்கம் மட்டும் "100 ஃபுல்" என்று கட்டிப்போடுவார்கள். மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் அது வேகத்தைக் கண்டுபிடிக்கும், டூப்ளெக்ஸைக் (ஒரே நேரத்தில் இரு திசையா, மாறி மாறியா என்பதை) கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃப், அதாவது மாறி மாறி, என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் வருகிற பிழைகளுக்கு எஃப்எம்மைத் திட்டுவீர்கள். ஆட்டோவிலேயே விட்டு, 1000-ஐ அறிவிக்காமல் மட்டும் செய்யுங்கள்.

#18 கோபுரக்குருவி

ஒரு வாரம் ஆயிற்று. ஈதர்நெட்டி சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் மேல் டப்பாவை மட்டும் புதிய பேட்ச் கார்டோடு திருப்பி வைத்தேன். இரண்டு பகல். பூஜ்யம் இல்லை, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு பிழை. மேலே ஏறி சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் 4-ம் 5-ம் முள் பச்சை பூத்திருக்கிறது. மற்ற ஆறும் பளபளப்பு! கேபிளை நேராக மேலிருந்து இறக்கிச் செருகியிருந்தார்கள், மழைத்தண்ணீர் கேபிள் வழியே வழிந்து உள்ளே போயிருக்கிறது. அதே மாடலில் கையிருப்பு ஒன்று இருந்தது. மாற்றி, கேபிளைக் கீழே ஒரு தொங்கல் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கிச் செருகினேன். போல்ட் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, மேலே துரு தடுப்பு கிரீஸ். மூன்று பகல், பூஜ்யம்.

அப்புறம் கீழே அந்த 10/100 டப்பாவை வேண்டுமென்றே வைத்தேன், புதிய பேட்ச் கார்டோடு. காலை 11:40-க்கு முதல் பிழை. ஒரு மணிக்கு லிங்க் விழுந்தது. எடுத்துத் திறந்து பார்த்தால் 1, 2, 3, 6-க்கு எறும்பு மாதிரி ஒரு குட்டி ஐசி, 4, 5, 7, 8-க்கு ஆளுக்கொரு தடித்த கறுப்பு டையோடு. நாலுஜோடி பெட்டியைத் திறக்காமலே வரைந்த படம்.

ஆக இரண்டு குற்றவாளி. ஒருவன் பாதியாள், ஒருவன் முழு ஆள்.

#19 நாலுஜோடி

4, 5 மட்டும் பச்சை பூத்தது தற்செயல் இல்லை. உங்கள் பாஸிவ் பிஓஇ-யில் பாஸிட்டிவ் அந்த இரண்டில்தான். ஈரம் சேர்ந்ததும் அங்கே ஒரு குட்டி மின்முலாம் தொட்டி உருவாகிறது, பாஸிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்து போகிறது. பவர் உள்ள கேபிளில் தண்ணீர் புகுந்தால் சாதாரணக் கேபிளைவிடப் பல மடங்கு வேகமாக அரிப்பது இதனால்தான். பவர் ஓடும்போதே பிளக்கை உருவினால் வரும் தீப்பொறியும் முள்ளில் குழி போடும். முதலில் அடாப்டரை அணையுங்கள், பிறகு உருவுங்கள். ஏணியில் நிற்கும்போது இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், கீழே ஒருவரை நிறுத்திக் கத்தச் சொல்லலாம்.

கேபிளின் உள்ளே சுத்தச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்றும் ஒருமுறை நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் டவரில் ஏற்றாதீர்கள். தடை ஒன்றரை மடங்குக்கு மேல், 24 வோல்ட் அங்கேயே தொலையும், வளைத்தால் முறியும்.

#20 புதுவரவு

மேலே ஃபைபர் என்று ஒருவர் சொன்னார். அதைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி எதுவுமே இல்லையே?

#21 பழைய_லைன்மேன்

ஃபைபர் போடலாம் தம்பி, ரேடியோவுக்குக் கரண்ட் யார் கொடுப்பது? எப்படியும் டிசி கம்பி ஒன்று மேலே போகும், அதற்கும் சர்ஜ் ப்ரொடக்டர் வேண்டும். ஒரே லாபம், டிசி கம்பியில் கெபாசிட்டன்ஸ் பற்றிக் கவலையில்லை, எவ்வளவு தடித்த டையோடும் போடலாம். பெரிய டவருக்கு அதுதான் சரி. ஃபைபருக்குள் இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இருந்தால் அதையும் எர்த் செய்ய வேண்டும், மறந்துவிடாதே. ஒரு ரேடியோ, 44 மீட்டர் என்றால் செம்பே போதும்.

#22 கோபுரக்குருவி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன்.

பதினொன்றில் ஆறு டவரில் எர்த்தை இணைத்து முடித்தோம். கேபிள் நுழையும் இடத்தில் செம்புப் பட்டை, கீழ் டப்பா அந்தப் பட்டையிலேயே திருகப்பட்டிருக்கிறது, எர்த் கம்பி ஒரு விரல் நீளம். மின்சாரப் பக்கமும் போட்டாயிற்று. சோதித்துப் பார்த்ததில் இன்னும் நான்கு இடத்தில் 10/100 டப்பா இருந்தது. அங்கெல்லாம் யாரோ போர்ட்டை 100-ல் கட்டிப்போட்டு, கேட்டால் "இந்த டவர் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முந்தாநாள் இரவு பெரிய இடி மழை. இந்த இழையில் பேசிய அதே டவரில் லிங்க் செத்துப்போனது. ரேடியோ போயிற்று என்று புதியதைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கீழ் டப்பாவைத் தாண்டி நேராகச் செருகினால் ரேடியோ உயிரோடு எழுந்தது. டப்பாவில் 3-ம் முள்ளுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் முழு ஷார்ட். ஸ்விட்ச் போர்ட் நலம். டப்பாவை மாற்றிவிட்டு வந்துவிட்டேன், ஏற வேண்டிய வேலைகூட இல்லை. ஒரு டவர், ஒரு இடி. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று மண்கம்பி சொல்வார், தெரியும்.

இன்னும் எர்த் செய்யாத ஐந்தில் ஒன்றில் அதே இரவு ஸ்விட்ச் போனது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#23 மண்கம்பி

சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேல் டப்பாவையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கீழே ஷார்ட் ஆகும் அளவுக்கு வந்திருந்தால் மேலேயும் அடி வாங்கியிருக்கும். முழுதாகச் செத்தால் தெரிந்துவிடும், அரைகுறையாகக் கசிய ஆரம்பித்தால் மறுபடி "வெயில் நேரத்தில் சிஆர்சி" என்று புது இழை தொடங்குவீர்கள்.

#24 பழைய_லைன்மேன்

தம்பி, அந்தப் பட்டையிலேயே திருகும் மாடலில் ஜிகாபிட் வகை எத்தனை மில்லிமீட்டர் துளை? என் பட்டைகளில் ஏற்கெனவே துளை போட்டாயிற்று, பொருந்துமா பார்க்க வேண்டும். சும்மா கேட்கிறேன்.